பிள்ளைக்குப் பொதுப் பொறுப்பைப் பழக்குவது எப்படி? உறுதிமொழி எடுத்தால் போதுமா?

திருப்பூர்_மீனா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன அக்டோபர் 2-க்கு அவள் பள்ளியில் தூய்மைப் பணி என்று கூட்டிப்போனார்கள். காலையிலேயே தூய்மைப் பணியாளர்கள் பெருக்கிவிட்டுப் போன ரோடு அது. பெருக்க ஒன்றும் இல்லாததால் பள்ளித் தோட்டத்திலிருந்து சருகை மூட்டையில் கட்டிக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டி, பிள்ளைகள் கையில் கையுறையும் விளக்குமாறும் கொடுத்து, போட்டோ எடுத்திருக்கிறார்கள். அப்புறம் உறுதிமொழி. சருகு ரோட்டிலேயே கிடந்ததாம். வீட்டுக்கு வந்து இதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்கிறபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ராத்திரி யோசித்தால்தான் வயிற்றைப் பிசைந்தது. பொதுக்காரியம் என்றாலே நாடகம் என்று பன்னிரண்டு வயதில் முடிவுகட்டிவிட்டாள்.

இன்னொரு விஷயம். அவள் டியூஷன் போய்வருகிற வீதியில் இரண்டு கம்பத்தில் விளக்கு எரிவதில்லை. "அதை யாரும்மா சரி பண்ணணும்?" என்றாள். அப்பாவிடம் கேள் என்றேன். அவர் கவுன்சிலரிடம் சொல்ல வேண்டும் என்றார். கவுன்சிலர் யார் என்றாள். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் ஆறாம் வகுப்பிலேயே உள்ளாட்சி அமைப்பு பாடம் வந்துவிட்டது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள்.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வீடு வர ஒன்பது மணி ஆகும். முகாம், சான்றிதழ், போட்டி எல்லாம் வேண்டாம். வீட்டில் இருந்தபடி, ஒரு சாதாரணக் குடும்பம் பிள்ளைக்கு இதை எப்படிப் பழக்குவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_கணக்குப்புலி:

மேடம், ஏழாம் வகுப்பில் இருந்தே நீட் ஃபவுண்டேஷன் சேர்க்கிற காலம் இது. தெருவிளக்கைப் பற்றி அந்தப் பிள்ளை எதற்குக் கவலைப்பட வேண்டும்? டார்ச் வாங்கிக் கொடுங்கள். படித்துக் கலெக்டர் ஆகட்டும், ஜில்லா முழுக்க விளக்குப் போடட்டும்.

பெரம்பூர்_ஜெயா:

கணக்குப்புலி சார், கலெக்டர் ஆனவரும் தெருவில்தான் நடக்க வேண்டும் :)

மீனா, எங்கள் வீட்டில் இது குப்பையில் ஆரம்பித்தது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தன. எங்கள் அபார்ட்மெண்டில் பாதி வீடு இன்னும் ஒரே கவரில் கட்டித் தூக்கிப் போடுகிறது. ஒருநாள் வண்டியில் வருகிற அக்கா, உடைந்த ட்யூப்லைட் கிழித்த விரலில் துணி சுற்றிக்கொண்டு நின்றார். என் பையன்தான் கவரைக் கொடுக்கப் போயிருந்தான். மேலே வந்து, "நம்ம கவர்ல கண்ணாடி இருக்காம்மா?" என்று கேட்டான். அன்றிலிருந்து உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி, மேலே மார்க்கரில் "கண்ணாடி" என்று எழுதுவது அவன் பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். இப்போது எதிர்வீட்டுக் கவரையும் வாங்கி எழுதுகிறான்.

சின்ன விஷயம்தான். ஆனால் அந்த அக்காவின் பெயர் அவனுக்குத் தெரியும், அவருக்கு இவன் பெயர் தெரியும். எனக்கு அது போதும்.

தென்காசி_பழைய_கிளார்க்:

மீனா தங்கச்சிக்கு வணக்கம். நான் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன், கடையம் பக்கம். ஊரில் பழைய ஆட்கள் இன்னும் கிளார்க்கு என்றுதான் கூப்பிடுவார்கள். கிராமசபை கூட்டி, கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகம் எழுதியே காலம் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். "அது யார் வேலை?" இந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போகப் பழக்கினால் போதும். விளக்குமாறு வேண்டாம், உறுதிமொழி வேண்டாம்.

முதலில் விளக்கு. ஒவ்வொரு கம்பத்திலும் பெயின்டில் ஒரு எண் எழுதியிருக்கும். அதைப் பாப்பாவையே குறித்துவரச் சொல்லுங்கள், பகலில் போய். விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் அது மாநகராட்சி வேலை, எங்கள் மாதிரி ஊர் என்றால் ஊராட்சி வேலை. கம்பம் சாய்ந்திருக்கிறது, கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியம். அதற்கு அவர்களின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. இங்கே சொல்ல வேண்டியதை அங்கே சொல்லி, "அது எங்களுது இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் பாதிப்பேர் "மனு கொடுத்து ஒன்றும் நடக்காது" என்கிறவர்கள். நான் நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன், சொல்கிறேன். கம்ப எண் இல்லாமல் "எங்க தெருவுல லைட் எரியல" என்று வருகிற மனுவை வைத்துக்கொண்டு லைன்மேன் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? எண்ணோடு வந்தால் தட்டிக்கழிக்க வழி இல்லை.

புகார் சொன்னால் ஒரு எண் தருவார்கள். மனுவாகக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு. அதை ஒரு நோட்டில் ஒட்டித் தேதி போட்டு வைப்பது பாப்பாவின் வேலை. எட்டு நாள் கழித்து அந்த எண்ணைச் சொல்லி என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கிறபோது அவள் பக்கத்தில் இருக்கட்டும். மனு கொடுக்க எல்லோரும் வருவார்கள். இரண்டாவது தடவை வருகிறவர் எங்கள் ஆபீஸிலேயே அபூர்வம்.

இப்போது எங்கள் ஊரில் நடந்தது. இது கொஞ்சம் பெரிசு.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரை நடுநிலைப் பள்ளி உண்டு. அங்கே சமூக அறிவியல் எடுத்த டீச்சர், ஒரு அக்டோபர் 2 கிராமசபைக்கு நாலைந்து பிள்ளைகளைக் கூட்டி வந்துவிட்டார். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராமசபை உறுப்பினர். பிள்ளைகள் கைதூக்கித் தீர்மானம் போட முடியாது, ஆனால் உட்கார்ந்து கேட்கலாம். வரவு செலவு வாசித்து முடித்தோம். வேறு யாருக்காவது ஏதாவது உண்டா என்று தலைவர் ஒப்புக்குக் கேட்டார். பின்னால் இருந்து ஒரு பையன் எழுந்தான்.

மேல்நிலைத் தொட்டியின் தூணில் "சுத்தம் செய்த நாள்", "அடுத்துச் சுத்தம் செய்யும் நாள்" என்று கட்டம் கட்டி எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரியும். தினம் பார்க்கிறதால் யாரும் படிப்பதில்லை. அவன் படித்திருக்கிறான். "அதுல போன பொங்கலுக்கு முந்தின தேதி போட்டிருக்கு. அதுக்கப்புறம் தொட்டிய கழுவவே இல்லையா?" என்றான்.

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. தலைவருக்கு முகம் செத்துப்போனது. தொட்டி ஆபரேட்டர் எழுந்து, "பதினஞ்சு நாளைக்கு ஒருக்க கழுவுறேன் தம்பி. தேதி எழுத பெயின்ட் யாரு வாங்கித் தாரா?" என்றார். உண்மைதான், அவர் கழுவுகிற ஆள். அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். பையன் உட்காரவில்லை. "அப்போ நீங்க கழுவுறீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

எத்தனையோ தணிக்கைக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆபரேட்டர் நல்ல மனுஷர். கோபப்படாமல், அடுத்த தடவை கழுவுகிறபோது பிள்ளைகளை வரச்சொன்னார். தொட்டிமேல் ஏற்றவில்லை, கீழே நிற்கவைத்தே காட்டினார். பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அப்புறம் ஆபீஸ் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த குளோரோஸ்கோப் பெட்டியை எடுத்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சின்னக் கண்ணாடிக் குழலில் கோடு வரைக்கும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதில் மருந்து சில சொட்டு விட்டால், தண்ணீரில் குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சள் காட்டும். பக்கத்திலேயே நிற அட்டை இருக்கும், ஒத்துப் பார்க்க வேண்டியதுதான். தெருக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த மருந்து கையில் படக்கூடாது. அதனால் சொட்டு விடுவது ஆபரேட்டர், நிறம் பார்த்து எழுதுவது பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, தெரு, குழாய், நிறம். வாரம் ஒருதடவை, டீச்சரோ ஆபரேட்டரோ கூட இருந்தால்தான்.

கொஞ்ச நாளில் நோட்டில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தொட்டிப் பக்கத்துத் தெருக்களில் நல்ல மஞ்சள். ஆதிதிராவிடர் தெருவில் குழாய்த் தண்ணீர் மருந்து விட்டும் அப்படியே இருக்கிறது, நிறமே வரவில்லை. தொட்டியில் இருந்து தூரம் அதிகம் என்றால் குளோரின் குறையத்தான் செய்யும். அடியோடு இல்லாமல் போகக் காரணம் வேறு. நடுவில் ஓடைப் பாலத்தடியில் குழாய் கசிந்து, தண்ணீர் நிறுத்துகிற நேரத்தில் ஓடைச் சகதி உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் முன்னமே பலதடவை சொன்ன விஷயம்தான் அது. வாயால் சொன்னது காற்றோடு போனது. நோட்டில் தேதி போட்டு வந்தபோது ஜனவரி 26 கூட்டத்தில் அதை ஒதுக்கிவைக்க ஒருத்தராலும் முடியவில்லை. நிதிக்குழு ஊராட்சிக்கு ஒதுக்குகிற மானியத்தில் அந்தத் துண்டுக் குழாயை மாற்றத் தீர்மானம் போட்டோம், எண் போட்டு, நானே எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. மேலத்தெருப் பிள்ளைகள் சில பேர் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாகக் காலை வைத்ததே நோட்டைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான். அதற்காக ஒரு வீட்டில் பாட்டி பிடித்துக்கொண்ட சண்டை இருக்கிறதே, அதைத் தனித் திரியாகத்தான் எழுத வேண்டும். டீச்சர் அசையவில்லை. "குழாய் எங்க இருக்கோ அங்கதான பாக்கணும் ஆச்சி" என்று மட்டும் சொன்னார்.

வேலை முடிய ஆடி மாதம் ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் பையன் எட்டு முடித்து வெளியூர்ப் பள்ளிக்குப் போய்விட்டான். நோட்டு அவன் தங்கையிடம் இருந்தது. புதுக் குழாயில் முதலில் மஞ்சள் பார்த்து எழுதியது அவள்தான்.

பெற்றோருக்கு ஒன்று. கிராமசபை முன்பு வருடத்துக்கு நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இப்போது மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு. 3000 பேருக்குள் இருக்கும் எங்கள் ஊருக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. அந்த நூறு பேரைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நூறுநாள் வேலைக்காரப் பெண்கள் வராவிட்டால் பல கூட்டம் நடந்தே இருக்காது. சம்பளக்கார வீடுகளில் இருந்து ஒருத்தர் வரமாட்டார். அப்பா அம்மா எட்டிப்பார்க்காத கூட்டத்தைப் பற்றிப் பிள்ளைக்கு என்ன பாடம் நடத்தினாலும் ஏறாது.

ஓசூர்_வாசு:

கிளார்க் ஐயா எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா இடமும் உங்கள் ஊர் இல்லை. எங்கள் ஏரியாவில் காலி மனையில் ராத்திரி கழிவு கொண்டுவந்து எரிப்பார்கள், பிளாஸ்டிக் நாற்றம் குடலைப் பிடுங்கும். என் மகன் பத்தாம் வகுப்பு, சூட்டிகையான பையன். போட்டோ எடுத்துத் தன் பெயரிலேயே புகார் அனுப்பிவிட்டான். இரண்டு நாளில் வீட்டு ஓனர் வந்து நிற்கிறார். "உங்க பையன் ஏதோ கம்ப்ளெய்ன்ட் போட்டானாமே, எனக்கு எதுக்குங்க வம்பு?" புகார் கொடுத்தவர் யார் என்று அவருக்கு யார் சொன்னது? வாடகைக்கு இருக்கிறவன் இதில் எவ்வளவு தூரம் போக முடியும்?

அப்புறம், திங்கட்கிழமை மனுநாளில் சீருடைப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறார்களே, அதுவும் இதே வகைதானே? பெரியவர்களுக்குள் தகராறு, முன்னால் நிற்பது பிள்ளைகள்.

தென்காசி_பழைய_கிளார்க்:

வாசு தம்பி சொல்வது நியாயம். உங்கள் மகன் விவரத்தை வெளியே விட்டது பெரிய தப்பு. அதை விட்டவர்மேல் தனியாகவே புகார் கொடுக்கலாம். கொடுங்கள் என்று வற்புறுத்த மாட்டேன், அங்கே குடியிருப்பது நீங்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். மனு எப்போதும் பெரியவர் பெயரில், பெரியவர் கையெழுத்தில், பெரியவர் போன் நம்பரில். பார்ப்பது, குறிப்பது, மனுவை முதலில் எழுதிப் பார்ப்பது, சீட்டைப் பத்திரப்படுத்துவது பிள்ளை. போட்டோ, வாட்ஸ்அப் குரூப், பத்திரிகை எதிலும் பிள்ளை முகம் வேண்டாம். மணல், சாராயம், ஆக்கிரமிப்பு, நீங்கள் சொன்ன மாதிரிக் கழிவு எரிப்பு என்று பணம் புழங்குகிற எந்த விஷயத்தின் பக்கமும் பிள்ளையை விடாதீர்கள். அதெல்லாம் நாம் சுமக்க வேண்டியது. பிள்ளைக்குத் தெருவிளக்கு, குழாய், பள்ளிக்கூடக் கழிப்பறை, நூலகத்தில் ஒழுகுகிற கூரை. யாரும் எதிரி ஆகாத விஷயங்களே ஊரில் வேண்டிய மட்டும் கிடக்கின்றன.

சீருடை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பிள்ளை தானாகக் கண்டுபிடித்துக் கேட்ட கேள்வியா, பெரியவர் எழுதிக் கொடுத்ததா என்பது இரண்டு வார்த்தை பேசினால் தெரிந்துவிடும். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நான் பார்த்த முக்கால்வாசி இரண்டாவது ரகம்.

ஆரணி_தமிழய்யா:

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். இந்தத் திரியில் பள்ளிகளைத் திட்டுகிறீர்கள், திட்டுங்கள், கொஞ்சம் நியாயம் உண்டு.

எங்கள் வகுப்புத் தலைவன் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுத்ததும் அவனுக்கு நாங்கள் கொடுக்கிற வேலை என்ன? ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, அடங்காவிட்டால் இன்னொரு பெருக்கல் குறி. ஓட்டு வாங்கியவன் ஓட்டுப் போட்டவர்களைப் பிடித்துக்கொடுக்கிறான். பிள்ளைகள் இதில் இருந்து பிரதிநிதி என்றால் யார் என்று கற்றுக்கொள்வார்களா, இல்லை போலீஸ்காரர் என்றா?

நான் என் வகுப்பில் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டேன். தலைவனும் தலைவியும் மாதம் ஒரு குறையை வகுப்பில் கேட்டு, பேசி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதித் தர வேண்டும். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோவேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். முதலில் வந்த குறை என்ன தெரியுமா? விளையாட்டுச் சாமான் கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். பெண்கள் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று தலைவி எழுதியிருந்தாள். ஆண்பிள்ளைகளும் அதற்கே கை தூக்கினார்கள். குழுவில் இருந்த அம்மாக்கள் அன்றைக்கே தாழ்ப்பாள் வாங்கிவந்து போட்டார்கள்.

வாசுவுக்கு ஒரு தகவல். இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, தங்களைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி அதை மதிக்க வேண்டும் என்கிறது. பக்கத்துக் கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழு அமைப்பின் கீழ், பிள்ளைகளுக்கென்றே பாலசபைகள் நடக்கின்றன. நம் ஊரில் அதிகாரி வருகிற நாளில் மட்டும் பிள்ளைகளுக்கு வாய் முளைக்கும், கேள்வியும் பதிலும் முந்தின நாளே ஒத்திகை பார்த்திருப்போம். (இதைப் படிக்கிற என் சக ஆசிரியர்கள் மன்னிக்க.)

சேலம்_கணக்குப்புலி:

தாழ்ப்பாள் விஷயம் படித்துவிட்டு என் மகளிடம் அவள் பள்ளியில் எப்படி என்று கேட்டேன். அங்கேயும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்களாம். அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். வருடத்துக்கு இவ்வளவு ஃபீஸ் கட்டுகிற தனியார் பள்ளி. தனியார் பள்ளியிலும் இந்த மேலாண்மைக் குழு உண்டா?

ஆரணி_தமிழய்யா:

அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும்தான் சார். உங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்று ஒன்று வைப்பார்களே, அங்கே மார்க்கைப் பேசுகிற நேரத்தில் இதையும் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பெற்றோராகப் போங்கள்.

திருப்பூர்_மீனா:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மகளும் நானும் போய்க் கம்ப எண் குறித்துக்கொண்டு வந்தோம். ஒரு கம்பத்தில் எண் அழிந்திருந்தது. "பக்கத்துக் கம்பம் 14, அடுத்தது 16, அப்போ இது 15" என்றாள். மாநகராட்சியில் என் பெயரில் புகார் சொல்லி எண் வாங்கினேன். ஒன்று எரிகிறது. இன்னொன்றுக்குப் பூமிக்கடியில் கேபிள் பழுதாகிவிட்டது, தோண்ட வேண்டும், ஆர்டர் வர வேண்டும் என்றார்கள். நோட்டில், "ஒன்று சரி. இன்னொன்று தோண்டணுமாம். அடுத்த வெள்ளி கேட்கணும்" என்று எழுதி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை என்னைவிட அவளுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. கவுன்சிலர் பெயரும் கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது புதுப் பிரச்சினை. நம் வார்டில் மொத்தம் எத்தனை விளக்கு, அதில் எத்தனை எரியவில்லை, பார்த்துக்கொள்ள வருடத்துக்கு எவ்வளவு செலவு என்று தெரிய வேண்டுமாம். தகவல் உரிமைச் சட்டம் என்று எங்கோ படித்திருக்கிறாள். தானே போடலாமா என்கிறாள். கிளார்க் அண்ணா, இதற்கு வயது வரம்பு உண்டா? கிராமசபை மாதிரி எங்களுக்கு ஏதாவது கூட்டம் இருக்கிறதா?

தென்காசி_பழைய_கிளார்க்:

கம்பம் 15 கண்டுபிடித்த பாப்பாவுக்கு என் வாழ்த்து.

கூட்டத்தைப் பற்றி முதலில். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களிலும் பகுதி சபை என்று நடத்துகிறார்கள். ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒன்று. கவுன்சிலர்தான் தலைமை. உங்கள் வீதி எந்தப் பகுதியில் வருகிறது, அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். கிராம ஊராட்சிகள் பலவற்றில் நிலைமை வேறு. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. எங்கள் தென்காசி அந்த 28-ல் இல்லை. கேள்வி கேட்கத் தலைவர் என்று ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அது வேறு கதை.

தகவல் உரிமைச் சட்டம், 2005. அதில் குடிமக்கள் என்றுதான் இருக்கிறது, வயது சொல்லவில்லை. 2012-ல் லக்னோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் தேசத்தந்தை என்ற பட்டத்தை அரசு எந்த ஆணையில் கொடுத்தது என்று பிரதமர் அலுவலகத்துக்கே மனுப் போட்டாள். அதற்கென்று ஆவணம் எதுவும் இல்லை என்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்து பதில் வந்தது. ஆனாலும் நீங்கள் உங்கள் பெயரிலேயே போடுங்கள், வாசுவுக்குச் சொன்ன அதே காரணம்தான். கேள்விகளை அவள் எழுதட்டும்.

வெள்ளைத்தாள் போதும். அனுப்புநர், பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், மாநகராட்சி அலுவலகம். பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 6(1)-இன் கீழ்த் தகவல் கோருதல். 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அனுப்புகிற தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தபால் ரசீதோடு நோட்டில் வையுங்கள்.

கேள்வி எழுதுவதில் ஒரு சூட்சுமம். "ஏன் விளக்கு எரியவில்லை?" என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். எத்தனை, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த ஆணைப்படி என்று கேட்க வேண்டும். ஆபீஸில் இருக்கிற பதிவேட்டைத் திறந்தால் விடை கிடைக்கிற மாதிரி இருக்க வேண்டும் கேள்வி. தெருவிளக்குப் பராமரிப்புப் பதிவேட்டின் நகல் என்றே கேட்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டச் சொல்வார்கள், அதனால் ஒரு வார்டுக்கு, ஒரு வருடத்துக்கு மட்டும் கேளுங்கள்.

அவள் எழுதியதும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பெயரையும் முகவரியையும் வார்டு எண்ணையும் அடித்துவிட்டுப் போடுங்கள்.